ஒரு மணியும் சிந்தாமல் தோற்ற விளையாட்டு

நான் தொலைக்காட்சியில் தோற்றவள். தோற்ற பகுதியை அவர்கள் வெட்டிவிட்டார்கள், ஆகவே அதை நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது. பெருமை அடிக்கிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமை அடிக்கத்தான் போகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொண்டைமானாற்றுக்குக் கிட்ட உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறேன். எண்பத்திரண்டு பிள்ளைகள். எங்களுக்கென்று பிள்ளை இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் "எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டால் எண்பத்திரண்டு என்பேன். கேட்டவர் அதற்குப் பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

எண்பத்திரண்டு பேருக்கு எத்தனை சுண்டு அரிசி போடவேண்டும் என்று எனக்குத் தராசு சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் கூடச் சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை குறையச் சாப்பிடுவார்கள். மழை பெய்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்த பாதி இரண்டாம் தரமும் கேட்கும். இதெல்லாம் பார்த்துப் போட்டால் கடைசியில் அண்டாவில் காகத்துக்கு வைக்கும் அளவுதான் மிஞ்சும். ஒருமுறை கல்விக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்தபோது அதிபர் அவர்களிடம், "எங்கடை குசினியிலை மிச்சம் எண்டு ஒண்டு இல்லை" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தி வீட்டுக்கு வந்து ரீவியைப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் கணவருக்கு விளையாட்டு நிகழ்ச்சிகள் என்றால் உயிர். முன்பு மேசன் வேலை செய்தவர். சீனி வருத்தம் வந்து உடம்பு தளர்ந்த பிறகு சந்தியில் ஒரு கொட்டில் போட்டுச் சைக்கிள் திருத்துகிறார். பின்னேரம் கொட்டிலைப் பூட்டிவிட்டு வந்து, முகம் கழுவி, ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார் என்றால் சின்னப் பிள்ளைதான். அவர் சிரிப்பார், நான் திட்டுவேன். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

திட்டாமல் என்ன செய்வது? ஒரு நாள் ஒருவர் தலையில் ஒருவர் முட்டை உடைக்கிறார்கள். தட்டுத் தட்டாக முட்டை. ஒரு நாள் கேக்குக்குள் முகத்தைப் புதைத்து, வாயால் ஒரு மோதிரத்தைத் தேடுகிறார்கள். இன்னொரு நாள் குளிக்கும் தொட்டி நிறையப் பால். பால்மாவுக்காக நாங்கள் விடியவே வரிசையில் நின்ற காலம் போய் அதிக நாளாகவில்லை. அந்தப் பாலுக்குள் ஒரு மனுசன் தொப்பென்று விழுந்து எழும்பி, கையைத் தூக்கிக் காட்டுகிறான். சனம் கைதட்டுகிறது. மேலேயிருந்து வர்ணக் கடதாசி கொட்டுகிறது. அதைக் கூட்டுகிறவள் யார் என்று ஒருநாளும் காட்டமாட்டார்கள்.

"உதெல்லாம் பழுதாப்போன முட்டையா இருக்கும்" என்று அவர் என்னைச் சமாதானப்படுத்துவார்.

"பழுதாப்போனதெண்டால் உந்தப் பெட்டை சிரிச்சுக்கொண்டு நிக்குமோ? நாத்தம் தாங்காமல் ஓடியிருக்கும். அது எங்கடை பிள்ளையளுக்கு ரெண்டு வியாழக்கிழமை முட்டை."

"அது விளையாட்டு. விடுமன்."

விடமாட்டேன். அடுத்த நாளும் பார்ப்பேன், அடுத்த நாளும் திட்டுவேன். திட்டுவதற்காகவே பார்க்கிறேன் என்று அவர் சொல்வார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

இப்படித் திட்டிக்கொண்டிருந்த நான் எப்படி அந்த மேடையில் ஏறினேன்? ஒரு பிறிஜ்ஜுக்காக.

அவருக்கு இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி போடவேண்டும். கிளினிக்கில் தரும் குப்பியைக் குளிரில் வைக்கவேண்டும். எங்களிடம் பிறிஜ் இல்லை. வாங்க வசதி இல்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் பெரிய பிறிஜ் ஒன்று இருந்தது. ஐந்து வருடமாக அவருடைய மருந்து அங்கேதான். காலையும் பின்னேரமும் போய்க் குப்பியை எடுத்து வந்து, ஊசி போட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததாக அவர் சொன்னதில்லை. ஆனாலும் அவர் படலையைத் திறந்துகொண்டு போகும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் என் கைவேலை நின்றுவிடும். நான் யாரிடமும் கை நீட்டிப் பழகாதவள். கேட்டு வாங்குவதைவிட இல்லாமல் இருப்பது எனக்கு இலேசு.

மாசி மாதம் அக்கா வேலிக்கு மேலால் ஒரு செய்தி சொன்னா. கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. வருசப்பிறப்பு முடிந்ததும் தான் போவதாகவும், ஆறு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் போவதாகவும் சொன்னா. நான் சந்தோசம் என்றேன். குசினிக்குள் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பானைக்குள் ஈர மணல் போட்டு மருந்தை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பங்குனி வெயிலில் அந்தப் பானையைத் தொட்டுப் பார்க்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. சந்திக் கடையில் ஐஸ்கிறீம் பெட்டி இருக்கிறது, இரவில் அதை நிறுத்திவிடுவார்கள். பிறிஜ்ஜை மட்டும் ஓடவிட்டுப் போகச் சொல்லி அக்காவிடம் கேட்கலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. கணவருக்கும் வந்திருக்கும். "அவவிட்டை ஒண்டும் கேக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்று அவர் வாய் திறக்கும் முன்னமே சொல்லிவைத்தேன்.

அந்த நேரத்தில்தான் ரீவியில் அந்த அறிவித்தல் வந்தது. புத்தாண்டு விசேட நிகழ்ச்சி, யாழ்ப்பாணத்திலேயே படப்பிடிப்பு, கணவன் மனைவி சோடிகளுக்குப் போட்டி. முதற்பரிசு இரண்டு கதவுப் பிறிஜ். அடுத்த நாள் பாடசாலையில் ஓர் ஆசிரியையைப் பிடித்து, அவவின் போனில் விண்ணப்பத்தை நிரப்பச் செய்தேன். என்ன தொழில், கணவருக்கு என்ன தொழில், ஏன் பரிசு வேண்டும் என்றெல்லாம் கேட்டிருந்தது. உள்ளதைச் சொன்னேன். பத்து நாளில் வரச்சொல்லி அழைப்பு வந்தது.

நல்லூரில் ஒரு பெரிய மண்டபம். நாங்கள் பஸ் ஏறி நேரத்தோடு போய்விட்டோம். உள்ளே கால் வைத்தால் குளிர். வெளியே ரோட்டுத் தார் உருகிக்கொண்டிருக்க, உள்ளே சால்வை போர்த்தும் குளிர். மேடை முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் நிலம். ஒரு பக்கத்தில் நூல் கட்டி மறித்த இடத்தில் பிறிஜ் நின்றது. சாம்பல் நிறம். கணவர் போய் அதன் கதவைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

நாலு சோடிகள். ஒவ்வொரு சோடியையும் அறிவிப்பாளர் மேடைக்குக் கூப்பிட்டுக் கதைத்தார். எங்கள் முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, உங்க வாழ்க்கையில நீங்க பட்ட கஷ்டங்கள நேயர்களோட பகிர்ந்துக்கலாமா?" என்றார். எங்கேயோ சோகமான வயலின் தொடங்கியது. எங்களை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சமையல்காரி, வருத்தக்காரக் கணவன், பிள்ளை இல்லை, இடம்பெயர்ந்த சனம். அழுதால் அவர்களுக்கு நல்ல லாபம்.

"பட்டதுதான்" என்றேன். "இண்டைக்கு விளையாட வந்தனாங்கள். விளையாடுவம்."

வயலின் நின்றுவிட்டது. சனம் சிரித்தது. அறிவிப்பாளரும் நல்ல மனுசன்தான், அவரும் சிரித்துவிட்டார்.

முதல் சுற்று முட்டை எறிவது. மனைவி எறிய, கணவன் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு தரமும் ஓரடி பின்னால் போகவேண்டும். மற்றச் சோடிகளின் முட்டைகள் சட்டையிலும் நிலத்திலும் உடைந்து வழிந்தன. என் கணவர் கீழிருந்து எறியும் ஓடுகளைக் கூரையில் நின்று பிடித்த மேசன். அந்தக் கை மறக்குமா? எறிந்த முட்டை எல்லாவற்றையும் பூவைப் போலப் பிடித்து, திரும்பத் தட்டில் அடுக்கினார். சனம் விசிலடித்தது. அவர் வெட்கப்பட்டார்.

இரண்டாவது சுற்றில் மா நிரப்பிய பலூன்களை ஊசியால் உடைத்து, உள்ளே இருக்கும் எழுத்துகளைச் சேர்க்கவேண்டும். கோதுமை மா. அதை நான் செய்தேன். ஒளிக்கவில்லை, செய்தேன். பிறிஜ் வேணுமே. ஒவ்வொரு பலூனும் வெடித்து மா கொட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். தூசு படும் என்று மூடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு சோடி வெளியேற, நாங்களும் யாழ்ப்பாண ரவுனிலிருந்து வந்த ஒரு புதுமணச் சோடியும் மிஞ்சினோம்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பெரிய நீலத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து, கமராவுக்கு முன்னால் வாயை வெட்டி, ஆளுக்குப் பாதியாகக் கொட்டினார்கள். நல்ல சம்பா. எங்கள் பாடசாலைக்கு வரும் அரிசியைவிடத் திறம். மேடைக்குக் கீழே நின்றாலும் அரிசியின் தரம் எனக்குத் தெரியும்.

"தொட்டிக்குள்ள ஒரு பந்து இருக்கு. பந்துக்குள்ள பிறிஜ்ஜோட சாவி. தொட்டியக் காலியாக்கி யார் முதல்ல எடுக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்" என்றார் அறிவிப்பாளர். மணி அடித்தது.

அந்தப் புதுமணச் சோடி இரண்டு கையாலும் அள்ளி அள்ளி எறியத் தொடங்கியது. அரிசி நாலு பக்கமும் பறந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து தொட்டியின் ஒரு பக்கப் பிடியைப் பிடித்தேன்.

"அந்தப் பக்கம் பிடியுங்கோ. ஆட்டுவம்."

எங்கள் பாடசாலைக் குசினியில் அரிசி அளக்கும் சுண்டு அடிக்கடி மூட்டைக்குள் புதைந்துபோகும். கையை விட்டுத் துழாவினால் அது இன்னும் கீழே போகும். மூட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக் கொஞ்ச நேரம் குலுக்கினால் அரிசி கீழே இறங்கும், சுண்டு தானாக மேலே வரும். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். ஏன் அப்படி வருகிறது என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். வரும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டினோம். அவருக்கு மூச்சு வாங்கியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அரிசியின் மேல் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அடுத்த குலுக்கலில் சிவப்புப் பந்து தலையைக் காட்டியது. எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மற்றச் சோடி பாதித் தொட்டியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. எங்கள் தொட்டியிலிருந்து ஒரு மணி அரிசி வெளியே விழவில்லை. நான் வாழ்க்கையில் செய்த கெட்டிக்காரத்தனமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் பெண்கள் எழும்பி நின்றார்கள். கணவர் பந்தைத் திறந்து, திறப்பை எடுத்து, பிறிஜ் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் தயாரிப்பாளர் மேடைக்கு வந்தா. காதில் மாட்டிய கருவியைக் கழற்றிக்கொண்டே வந்த நாற்பது வயதுப் பெண். கொழும்புத் தமிழ். மரியாதையாகத்தான் கதைத்தா.

"அம்மா, சூப்பரா பண்ணினீங்க. ஆனா இது ரீவியில எடுபடாது. தொட்டியை ஆட்டினா பாக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? இன்னொரு தடவை எடுப்போம். இந்தத் தடவை ரெண்டு கையாலயும் அள்ளி மேல வீசுங்க. அரிசி மழை மாதிரி விழணும். பரிசு உங்களுக்குத்தான், அதுல மாற்றமில்ல."

"நிலத்திலை ஒரு படங்கு விரியுங்கோ" என்றேன். "அதிலை கொட்டுறன். பிறகு அள்ளலாம்."

"படங்கு விரிச்சா கமராவில அசிங்கமா இருக்கும் அம்மா. மேடை பளபளன்னு தெரியணும்."

பந்தைத் திரும்ப அரிசிக்குள் புதைத்தார்கள். கமராக்கள் கிட்ட வந்தன. எல்லாரும் தயாரா என்று யாரோ கேட்டார்கள். நான் இரண்டு கையையும் அரிசிக்குள் விட்டு அள்ளினேன். அள்ளிக்கொண்டு, எந்தப் பக்கம் எறிவது என்று பார்த்தேன். நிலத்தில் உடைந்த முட்டையும் மாவும் பசையாகக் கிடந்தன. மற்றச் சோடி எறிந்த அரிசி அதற்குமேல் ஒட்டியிருந்தது. கமராக்காரர்கள் சப்பாத்துக் காலோடு அதற்குமேல் நடந்து திரிந்தார்கள். அந்தப் புதுப்பெண் மட்டும் அரிசியில் கால் படாமல் இருக்கச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கி நின்றாள்.

என் கை அளவு எனக்குத் தெரியும். இரண்டு கை சேர்த்து அள்ளினால் அது மூன்று பிள்ளைகளின் சோறு. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அரிசிக்குப் பட்ட பாட்டை இதற்குள் நான் இழுக்கப்போவதில்லை. ஒரு நாளும் பசி அறியாமல் வளர்ந்திருந்தாலும் நான் அதைச் செய்திருக்கமாட்டேன். அள்ளியதைத் தொட்டிக்குள்ளேயே விட்டேன்.

"ஏலாது" என்றேன்.

"அம்மா, இது வெறும் ஒரு காட்சிதான்…"

"எனக்கு ஏலாது."

அவ எனக்குக் கிட்ட வந்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "தொட்டியக் காலியாக்கணும்னு விதி இருக்கு. நீங்க காலியாக்கல. அப்ப பரிசு மற்றவங்களுக்குத்தான் போகும். எனக்கு மேலயும் ஆக்கள் இருக்காங்க அம்மா" என்றா.

"குடுங்கோ. அந்தப் பிள்ளையளும் புதுக் குடித்தனம்தானே."

இவ்வளவும் சொல்லும்போது என் தலை நிமிர்ந்துதான் இருந்தது. சனம் திரும்பவும் கைதட்டியது. கணவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

மேடையை விட்டு இறங்கும்போது தயாரிப்பாளரிடம், "உந்த அரிசியை என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டேன். கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவார்களாம். "எங்கடை தொட்டியிலை கிடக்கிறது மிதிபடாத அரிசி. அதைத் தாங்கோ, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறன்" என்றேன். அவ தானே ஒரு வெறும் சாக்கைத் தேடிக் கொண்டுவந்து, வாயை விரித்துப் பிடித்தா. நான் தொட்டியைச் சரித்துக் கொட்டினேன். பிறிஜ்ஜுக்குப் போய் அரை மூட்டை அரிசியோடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் சாக்கின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கதைக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அந்த அரிசியை அவரே சைக்கிள் கரியரில் கட்டிப் பாடசாலைக்குக் கொண்டுவந்து தந்தார். சோறு பூவாக மலர்ந்தது. பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தேன். நல்ல அரிசி என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, ஆனால் முப்பது பேர் இரண்டாம் தரம் கேட்டார்கள். அதிபர் அடுத்த காலைக் கூட்டத்தில் என் கதையைச் சொல்லி, எல்லாரையும் கைதட்டச் செய்தார். நான் குசினிக்குள் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரலை வெட்டிக்கொண்டேன்.

ஊருக்குள் கதையைக் கொண்டுபோனவர் கணவர்தான். சைக்கிள் திருத்த வருகிறவர்கள் எல்லாரையும் இருத்தி வைத்துச் சொன்னார். முதல் நாள் அரை மூட்டை அரிசியாக இருந்தது, கிழமை முடிவதற்குள் இரண்டு மூட்டையாகிவிட்டது. நான் சொன்ன "ஏலாது" என்ற ஒரு சொல்லும் நீண்டு நீண்டு ஒரு மேடைப் பேச்சாகிவிட்டது. "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றால், "சொல்லியிருப்பீர், உமக்கு ஞாபகமில்லை" என்பார். அவர் அப்படிச் சொல்லித் திரிவதைக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

வருசப்பிறப்பு அன்று பின்னேரம் நிகழ்ச்சி ரீவியில் போனது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். எங்கள் முட்டைப் பிடிப்பு கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. தொட்டி ஆட்டியது இல்லை, நான் கதைத்தது இல்லை. அந்தப் புதுமணச் சோடி அரிசியை மேலே வீச, அது ஒளியில் மினுங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கியது. உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு அவர்கள் பிறிஜ்ஜின் கதவைத் திறந்து மூடிச் சிரித்தார்கள். நிகழ்ச்சி முடிந்தது.

கணவர் ரீவியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்குப் போய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். ஊசியில் மருந்தை ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி சொன்னார்:

"அக்கா வாற புதன் போறா. பிறிஜ்ஜை மட்டும் ஓடவிட்டிட்டுப் போகச் சொல்லி ஒருக்காக் கேட்டுப் பாருமன்."

எனக்குக் கோபம் வந்தது. அது என் முதல் பதில், எப்போதும் அதுதான். "ஆளில்லாத வீட்டிலை, உந்தச் சின்னக் குப்பிக்காக, அவ்வளவு பெரிய பிறிஜ் ஆறு மாதம் ஓடுறதோ? வீணெல்லே?"

அவர் வயிற்றில் ஊசியைப் போட்டு, பஞ்சால் ஒற்றி, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தார்.

"அரிசிக்காக நீர் எதிர்த்து நிண்டது சரி. நான்தானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறன்" என்றார். "எனக்காக ஒரு பிறிஜ் ஓடினால், அது வீணோ?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் வேண்டும் என்பதற்காகக் கேட்டார். மேடையில் நின்றபோது அவரைத் திரும்பிப் பாராமல் "குடுங்கோ" என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பிள்ளைகளின் சோற்றைக் கையில் வைத்துக் கணக்குப் பார்த்தவள், பக்கத்தில் நின்றவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

"குப்பியைத் தாங்கோ" என்றேன். "நான் கொண்டுபோய் வைக்கிறன்."

பக்கத்து வீட்டு விறாந்தையில் அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தா. மிளகாய்த்தூள் பொதிகளைத் துணிக்குள் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தா. நான் படியில் நின்றேன். சொல்லவேண்டிய சொற்கள் மூன்றோ நாலோதான். குப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன்.

"அக்கா, ஒரு உதவி கேக்க வந்தனான்."

அவ நிமிர்ந்து பார்த்தா. "ஐஞ்சு வருசமா அவர்தான் வந்து போறவர். நீர் வேலியாலை கதைக்கிறதோடை சரி. இண்டைக்குத்தான் இந்தப் படியேறுறீர்" என்றா.

"நீங்கள் போனாப்பிறகு பிறிஜ் மட்டும் ஓடினால்…" என்றேன்.

"போன கிழமையே அவரிட்டைக் கேட்டனான், மருந்துக்கு என்ன செய்யப்போறியள் எண்டு. உம்மட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டார். அதோடை சத்தமில்லை" என்றா. "வீட்டுத் திறப்பை உங்களிட்டைத் தந்திட்டுப் போறன். வேறை ஆரிட்டைக் குடுக்கிறது? உள்ளை கொண்டுபோய் வையும்."

குசினிக்குள் போய்ப் பிறிஜ்ஜைத் திறந்தேன். வருசத்துக்கு வந்த பலகாரம், மீன் கறி, பால், துருவிய தேங்காய், கீரை என்று மேலும் கீழும் கைவைக்க இடமில்லாமல் திணித்திருந்தது. நடுத்தட்டு மட்டும் முழுக்க வெறுமையாக இருந்தது. அதில் ஒரு வெள்ளைத் துணி நாலாக மடித்து விரித்திருந்தது. துணியின் நடுவில், குப்பி வைக்கும் அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம்.

"மீன் வாடை பிடிக்கக்கூடாதெண்டு அந்தத் தட்டிலை நான் ஒண்டும் வைக்கிறேல்லை" என்று விறாந்தையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "முதல் நாள் தொடக்கம் அப்பிடித்தான்."